ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் பானை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டார்கள், எழுதுகிறேன். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தபோது தலைமையாசிரியர் தீர்த்தம்மாள் எட்டிப் பார்த்தார்.

"தமிழய்யா, ஆண்டு மலர்ல ரெண்டு பக்கம் காலியா கெடக்குதுங்க. நீங்கதான் கதை கிதை எல்லாம் எழுதுவீங்களே, ஒண்ணு போட்டுக் குடுங்க. நம்ம பொங்கல் விழாவ வெச்சே எழுதிடுங்க. நல்லபடியா முடியணும், இப்பவே சொல்லிட்டேன்."

'கதை கிதை' என்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வாயில் வடை இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். உலகத்தின் பெரிய படைப்புகளில் பாதி இப்படித்தான் பிறந்திருக்கும் என்று பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு விவரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மலர் ஆண்டு விழா மேடையில் வெளியிடப்படுவது. ஆகவே விழாவுக்கு முன்பே தருமபுரி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இப்போது இது சாதாரண விஷயமாகத் தெரியும். போகப் போக என் கழுத்தை இதுதான் இறுக்கப் போகிறது.

2

தொடக்கம் ஒன்று: 'மார்கழிப் பனி மெல்ல விலக, காரிமங்கலத்தின் கிழக்கு வானம் பொன்னிறமாக…'

(நிறுத்து. விழா தொடங்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. கிழக்கு எப்போதோ வெளுத்து, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.)

தொடக்கம் இரண்டு: 'சாதி மத பேதமின்றி அனைவரும் ஒன்றுகூடிப் பொங்கும் இந்த இனிய…'

(இது கதையே இல்லை. அன்றைக்கு நான் மைக்கில் பேசிய பேச்சு. பேசினபோதே ஒருத்தரும் கேட்கவில்லை, அச்சில் போட்டால் மட்டும் படித்துவிடுவார்களாக்கும்.)

தொடக்கம் மூன்று: 'சமரீன் அழுதாள்.'

(சின்ன வாக்கியம், நறுக்கென்று இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஒரே ஒரு குறை, அவள் அழவில்லை.)

3

ஆக, நான்காவது தொடக்கம். இதை மாற்றுவதாக இல்லை.

சமரீன் படிப்பது எங்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில். அவள் அப்பா நூர் பாஷா காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டால் அவள் நேராகக் கடைக்குத்தான் போவாள். பால் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். கண் புத்தகத்தில் இருந்தாலும் காது பாலில் இருக்கும். பால் ஏறுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். ஏறியதும் இடது கையால் கொஞ்சம் தண்ணீரை எடுத்துத் தெளிப்பாள். வலது கை எழுதிக்கொண்டே இருக்கும்.

பொங்கல் விழாவில் வகுப்புக்கு ஒரு பானை. மைதானத்தில் வரிசையாகச் செங்கல் அடுப்பு. எந்தப் பானை முதலில் பொங்குகிறதோ அந்த வகுப்புக்குப் பரிசு. பி பிரிவின் பானைக்குப் பொறுப்பு பிரியதர்ஷினி. வகுப்புத் தலைவி, நன்றாகப் படிப்பவள், சமரீனுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து உயிர்த் தோழி. காலையிலேயே சமரீனின் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டாள்.

"பால நீ பாத்துக்கடி. உன்னவுட்டா வேற யாரு இருக்கறா?"

சமரீனுக்குப் பெருமை தாங்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மற்ற பானைகளெல்லாம் புகைந்துகொண்டிருக்க, அவள் ஒரு விறகை உள்ளே தள்ளினாள், ஒன்றை வெளியே இழுத்தாள், தீ சீராக நின்றது. பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து சூட்டில் வாடியது. பால் ஏறியது. பி பிரிவுப் பிள்ளைகள் தட்டும் கரண்டியுமாகச் சுற்றி நின்றார்கள். பக்கத்து அடுப்புக்காரர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். பால் பானையின் வாயைத் தொட்டது. மொத்த வகுப்பும் வாயைத் திறந்தது, "பொங்க…"

சமரீனின் இடது கை சொம்புக்குள் போய், தண்ணீரை அள்ளி, தெளித்தது.

'உஸ்' என்று பால் அடங்கிவிட்டது.

தன் கை செய்ததை அவள் அதற்குப் பிறகுதான் பார்த்தாள். விரலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொங்குவதற்காகவே பால் வைக்கிற நாள் அது, பொங்காமல் பார்த்துக்கொள்வதற்கே பழகிய கை அது. அந்த நேரம் பார்த்து ஏ பிரிவுப் பானை பொங்கியது. அவர்கள் போட்ட கூச்சல் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போனவர்களுக்கே கேட்டிருக்கும்.

* இவ்வளவு விவரமாக எழுதுகிறானே, பக்கத்தில் நின்று பார்த்தானா என்று கேட்காதீர்கள். நான் அப்போது மேடையில் ஊமையாகிப்போன மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஆளாளுக்குக் கேட்டுத்தான் எழுதுகிறேன். தண்ணீர் தெளித்தது இடது கைதான் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள்.

4

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்குப் பயம் தருகிறது. அதை எழுதியது நானில்லை.

பானை அடங்கியதும் பி பிரிவு சமரீன் மேல் பாய்ந்தது. "ஏண்டி, அறிவிருக்குதா உனக்கு?" "யாருடி தண்ணி தெளிக்கச் சொன்னா?" "போச்சு, எல்லாம் போச்சு!" சமரீனுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவளுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. 'கடைப் பழக்கம்டி, கை தானாப் போயிருச்சு' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் எல்லாரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள், எனக்கும் இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

அதற்குள் பிரியதர்ஷினி குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் தடுத்தாள்.

"வுடுங்கடி அவள. அவளுக்கு எப்படித் தெரியும்? அவங்க வூட்டுல பொங்கல் வெக்கறதில்லல்ல."

கூச்சல் நின்றது. காரணம் கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் திருப்தி. ஆமால்ல என்று தலையாட்டிக்கொண்டு கலைந்துபோனார்கள். சமரீன் மட்டும் சொம்பைக் கீழே வைத்தாள். வாய்வரை வந்த சிரிப்பு எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் பிரியதர்ஷினியோடு பேசுவதில்லை.

தலைமையாசிரியர் முதல் பிரதியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஒரு வரிய எடுத்துடுங்க தமிழய்யா. வர்றவங்க படிச்சா என்னா நெனைப்பாங்க? சமத்துவப் பொங்கல்னு பேனர் கட்டியிருக்கறோம்."

எடுத்தேன். எடுத்துவிட்டுப் படித்தால், பானை பொங்கவில்லை, பிறகு இரண்டு பெண்கள் காரணமே இல்லாமல் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று இருந்தது. 'பிரியதர்ஷினி ஏதோ சொன்னாள்' என்று மாற்றிப் பார்த்தேன். அந்த 'ஏதோ' அசல் வாக்கியத்தைவிட மோசமாக இருந்தது. படிக்கிறவர்கள் அந்த இடத்தில் என்னென்னத்தைப் போட்டு நிரப்புவார்களோ என்று பயந்து திரும்ப எழுதிவிட்டேன். இப்போது நீங்கள் அந்த வாக்கியத்தைப் படித்திருந்தால் நான் தலைமையாசிரியரிடம் தைரியமாகப் பேசியிருக்கிறேன் என்று அர்த்தம். அல்லது அவர் ஊரில் இல்லாத நாளில் அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்று அர்த்தம்.

5

பெயர்களை மாற்றினால் என்ன என்றும் யோசித்தேன். டீக்கடையைப் பூக்கடையாக்கினேன். ஆனால் பூவுக்குத் தண்ணீர் தெளித்தால் அது எங்கே அடங்கப்போகிறது? அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, பாத்திரங்களை நேரில் அறிந்துகொள்வது எழுத்தாளன் கடமை என்று டீக்கடைக்கே போனேன். டீ குடிக்கப் போவதற்குக் கள ஆய்வு என்று பெயர் வைத்தால் மனதுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

நூர் பாஷா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எம்பொண்ணப் பத்திக் கத எழுதறீங்களாம்? அழுதுட்டான்னு போட்டிருக்கீங்கன்னு பள்ளிக்கூடத்துல பேசிக்கறாங்களாம்."

"அது ஒரு… உணர்ச்சிக்காக."

"அவ எங்க சார் அழுதா? அன்னிக்குச் சாயந்தரம் வந்தா. எப்பவும்போல ஸ்டூலப் போட்டு உக்காந்தா. நான் வெளிய ரெண்டு பேருக்கு டீ குடுத்துட்டு இருந்தேன். ஏதோ கருகற வாசன வருதேன்னு திரும்பிப் பாத்தா, பால் பொங்கி ஊத்துது. இவ பாத்துட்டே உக்காந்திருக்கறா."

"கவனிக்கலையா?"

"நல்லா கவனிச்சுட்டுத்தான் இருந்தா. வேணும்னே வுட்டுட்டா சார். அடுப்பே அணைஞ்சு போச்சு. இந்தக் கடையில அவ உக்காந்திருந்து பால் பொங்குனது அன்னிக்குத்தான்."

"திட்டுனீங்களா?"

"எப்படிங்க திட்டறது? அவ மூஞ்சியப் பாத்தேன். துணிய எடுத்து நானே தொடச்சுட்டேன்."

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு நான் இரண்டு சொட்டுக் கண்ணீரை எழுதிவைத்து, அதைப் பெரிய சாதனையாக நினைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. மூன்றாவது தொடக்கத்தை அன்றைக்குத்தான் அடித்தேன்.

6

பெயரைப் போடலாமா என்று கேட்க வேண்டுமல்லவா? சமரீனைக் கூப்பிட்டுப் பிரதியைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"எம்பேரையே போடுங்க சார். தண்ணி தெளிச்சது நான்தானே. அழுதேன்னு மட்டும் எங்கயும் போடாதீங்க."

"எடுத்தாச்சும்மா."

அவள் போகவில்லை. பிரதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னொண்ணு சேத்துக்கங்க சார். மூணாவதுல இருந்து வருஷா வருஷம் அவ வூட்டுப் பொங்கலுக்குப் போறேன். போன வருஷம் பால் பொங்குனதும் மொதப் பிடி அரிசிய என்னையத்தான் போடச் சொன்னாங்க அவங்கம்மா. அவ பக்கத்துலதான் நின்னா. எல்லாரும் திட்டுனாங்க, பரவால்ல. அவளும் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா."

குரல் கொஞ்சம் கரகரத்தது. அழவில்லை, கரகரத்தது. இதை மட்டும் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் பிரியதர்ஷினி வந்தாள்.

"படிச்சேன் சார்."

"யாரு குடுத்தா?"

"உங்க மேஜ மேல இருந்துச்சு."

நான் மேஜையை என்றைக்கும் பூட்டுவதில்லை. திருட்டுத்தனமாகவாவது யாராவது படிக்கட்டும் என்கிற ஆசைதான், வேறென்ன.

"அவள வுட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான் சார் அப்படிச் சொன்னேன். எல்லாரும் சேந்து கத்துனாங்க. எப்படியாச்சும் நிறுத்தணும்னு வாயில வந்தத சொல்லிட்டேன். அவ அரிசி போட்டது எனக்கு மறந்துபோச்சுன்னு நெனைச்சுட்டாளா? மறக்கல. ஒரு பிடின்னு சொன்னா ரெண்டு பிடி போட்டா, எங்கம்மா சிரிச்சாங்க. இத போடுங்க."

"இத நீ அவகிட்டயே சொல்லேம்மா."

"எங்கூடப் பேசமாட்டேங்கறாளே சார். உங்க கதையத்தான் படிக்கறா."

கேட்டதும் மார்பு விரிந்தது. எனக்கும் ஒரு வாசகி! நாலைந்து மணி நேரம் அந்த மிதப்பில் நடந்தேன். மத்தியானம் சமரீன் வந்து, "ரெண்டு பிடி இல்ல சார், ஒண்ணரைன்னு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் உறைத்தது. இவர்கள் என் கதையைப் படிக்கவில்லை. ஒருத்தி சேர்க்கச் சொன்ன வரியை இன்னொருத்தி வந்து தேடிப் படிக்கிறாள். அவ்வளவுதான். காரிமங்கலத்து வெயிலைப் பற்றி நான் உயிரைக் கொடுத்து எழுதிய பத்தியை இரண்டு பேருமே தாண்டிப்போயிருக்கிறார்கள். கதாசிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் நான் பார்த்தது தபால்காரர் வேலை.

(வெயில் பத்தியை எடுத்துவிட்டேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.)

7

பேசிவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. 'ஒண்ணரை' வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் பழகினார்கள். பெயர்ப் பட்டியலெல்லாம் பொங்கலுக்கு முன்பே முடிவானது. மூன்றாவது ஜோடி சமரீனும் பிரியதர்ஷினியும். சமரீன் ஆளை மாற்றச் சொல்லவில்லை, ஒருநாள்கூடப் பழகாமல் இருக்கவும் இல்லை. அடியெல்லாம் சுத்தமாக வைத்தாள். ஆனால் கோலோடு கோல் தட்ட வேண்டிய இடத்தில் அவள் கோல், பிரியதர்ஷினியின் கோலைத் தொடாமல் ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். எல்லா ஜோடியும் 'டக்' என்னும். மூன்றாவது ஜோடியில் சத்தமே வராது.

உடற்பயிற்சி ஆசிரியர் தர்மனுக்கு இது பிடிபடவில்லை. "கோல் சரியில்ல போலங்க தமிழய்யா, மரம் ஈரம்" என்று வேறு கோல் வாங்கிக் கொடுத்தார். அதிலும் சத்தம் வரவில்லை. மூன்றாவது கோலும் மாற்றினார். காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் ஜோடியை மாற்றிவிடுவார், கதை கெட்டுப்போகும் என்று பேசாமல் இருந்தேன். எழுதுகிறவர்களை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

நேற்றைய பயிற்சியில் ஒரு மாற்றம். சமரீனின் கோல் வழக்கம்போல முன்னாலேயே நின்றது. பிரியதர்ஷினி தன் கோலைத் திருப்பி இழுக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தாள். மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள், இவள் ஒரு தாளம் பிந்தினாள். மறுசுற்றிலும் அதேதான். தர்மன் விசிலை ஊதி, "பிரியா, தூங்கறியா?" என்று சத்தம் போட்டார். "சாரி சார்" என்றாள். அடுத்த சுற்றிலும் கோலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

8

முடிவு அ: ஒத்திகையின்போது திடீரென்று மழை கொட்டுகிறது. தோழிகள் இருவரும் நனைந்தபடி கட்டிப்பிடித்து…

(பிப்ரவரி மாதத்தில் காரிமங்கலத்தில் மழையாம்! எங்கள் ஊர் விவசாயிகள் இதைப் படித்தால் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.)

முடிவு ஆ: விழா நாளன்று சமரீன் வரவில்லை. காலியான அந்த இடத்தைப் பார்த்தபடி பிரியதர்ஷினி தனியாக…

(சோகமாக முடித்தால் மதிப்பு கூடும் என்று ஒரு ஆசை. ஆனால் சமரீன் படித்தால், "நான் ஏன் சார் வராமப் போறேன்?" என்பாள். கேட்கத்தான் செய்வாள்.)

முடிவு இ: ஆண்டுகள் பல கழிந்தன. தருமபுரி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சமரீனும் டாக்டர் பிரியதர்ஷினியும்…

(தலைமையாசிரியருக்கு இது ரொம்பப் பிடித்தது. "இதையே போடுங்க, ரெண்டு பேரையும் டாக்டராக்கிடுங்க" என்றார். ஒரு கோல் சத்தம் வருமா வராதா என்பதற்கு இரண்டு பேரை நீட் எழுத வைப்பது எனக்கே அநியாயமாகப் பட்டது.)

அச்சகத்திலிருந்து போன்மேல் போன். வேறு வழியில்லாமல் இன்று மத்தியானம் சமரீனைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, விழா அன்னிக்கு மேடையில உங்க ஜோடிக்குச் சத்தம் வருமா வராதா? நீ ஒரு வார்த்த சொன்னா அப்படியே எழுதி முடிச்சுடறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பால் அடுப்புக்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

"நீங்களே முடிச்சுட்டா, அப்புறம் நான் எதுக்கு சார் ஆடணும்?"

மணி அடித்தது. போய்விட்டாள்.

9

அதனால் நான் முடிக்கவில்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வந்துவிட்டதென்றால், மேடையில் வெளியீடு முடிந்து சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் பேச்சு நீளமாக இருப்பதால்தான் என் கதையை இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். எனக்கு வாசகர்கள் கிடைப்பது இப்படித்தான், அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. நூர் பாஷா கடையைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு வந்து பின்னால் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பார். உட்கார நாற்காலி கொடுங்கள். பிரியதர்ஷினியின் அம்மாவும் வந்திருப்பார். போன வருஷம் யார் அரிசி போட்டது, எத்தனை பிடி என்று சந்தேகம் இருப்பவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பேச்சு முடிந்ததும் கோலாட்டம். மலரை மடித்து மடியில் வையுங்கள். இடமிருந்து மூன்றாவது ஜோடி. பிரியதர்ஷினி கோலை நீட்டுவாள், எனக்குத் தெரிந்தவரையில் அவள் இன்றைக்கும் இழுத்துக்கொள்ளப் போவதில்லை. எதிரே நிற்பவள் சமரீன். அவள் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்த பிள்ளை மேடை ஏறியதுமே கைதட்டுவது நம் ஊர் வழக்கம். இன்றைக்கு மட்டும் கொஞ்ச நேரம் பொறுத்துத் தட்டுங்கள். இல்லையென்றால் அந்தச் சத்தம் வந்தாலும் நமக்குக் கேட்காது.